சென்னை மூன்றாம் முழுமைத் திட்டம்: குடியிருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென் சென்னைப் புறநகர் ஒன்றில் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளராகப் பல வருடங்களாக இருக்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் என் போன் ஓயாது. "சார், தண்ணி வாசப்படி ஏறிடுச்சு", "பக்கத்து காலி மனையில அஞ்சு மாடி வருதாமே", "பார்க் இடத்துல யாரோ வேலி போடறாங்க". தனித்தனிப் புகார்களாகத் தெரிந்தாலும், துருவிப் பார்த்தால் எல்லாம் ஒரே வரைபடத்தில் போய் நிற்கின்றன. சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காக வைத்துப் போடப்பட்டது. அடுத்தது 2027 முதல் 2046 வரைக்கானது. நம் தெருவின் அடுத்த இருபது வருடம் அதில் இருக்கிறது. அதனால் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

முழுமைத் திட்டம் என்றால் என்ன? சொந்த வீட்டில் குடியிருக்கும் எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஒவ்வொரு சர்வே எண்ணும் எதற்குப் பயன்படலாம் என்று சட்டப்படி சொல்லும் ஆவணம் அது. குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று நிலம் முழுவதையும் நிறம் பிரித்து வைத்திருப்பார்கள். எந்தச் சாலை எவ்வளவு அகலமாக வேண்டும் என்பதும், எங்கே எவ்வளவு கட்டலாம் என்பதும் அதையும் அதோடு சேர்ந்த விதிகளையும் வைத்துத்தான் முடிவாகும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 இதற்கு அடிப்படை. சென்னைக்கு முதல் திட்டம் 1975-இல் வந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில்.

உங்கள் பக்கத்து மனை 'கலப்புக் குடியிருப்பு' என்று நிறம் மாறினால் அங்கே கல்யாண மண்டபம் வரலாம். தெருமுனையில் இருக்கும் தோப்பு 'விவசாயம்' என்பதிலிருந்து 'குடியிருப்பு' ஆனால், அதில் ஊறிக்கொண்டிருந்த மழைநீர் உங்கள் தெருவுக்குத்தான் வரும். சொந்த வீடு இருப்பவருக்குத்தான் இதில் சம்பந்தம் அதிகம். வாடகைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொள்ள முடியும்.

இதை யார் போடுகிறார்கள்? நாங்கள் ஓட்டுப் போட்ட கவுன்சிலருக்கு இதில் அதிகாரம் உண்டா?

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது நாம் சி.எம்.டி.ஏ. என்று சொல்வது. அது மாநில அரசின் அமைப்பு. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த அதன் எல்லையை 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். பழைய எல்லையைப் போல ஐந்து மடங்கு. மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சி அமைப்புகளிடம் தரக்கூடிய 18 பணிகளை அதன் பன்னிரண்டாம் அட்டவணை பட்டியலிடுகிறது. அதில் முதலாவதே நகரமைப்பு. பெருநகரத்துக்கு ஒரு திட்டக் குழு வேண்டும், அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்களை உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் அரசியல் சட்டம் சொல்கிறது. நம் ஊரிலோ சிறு கட்டடங்களுக்கு அனுமதி தருவது மாநகராட்சி கையில் இருந்தாலும், வரைபடத்தை வரையும் பேனா அதனிடம் இல்லை. சென்னை மாநகராட்சியின் 200 கவுன்சிலர்களும் அந்த மேசையில் உட்கார வேண்டியவர்கள் என்பது என் உறுதியான கருத்து. எந்த வாய்க்கால் எங்கே அடைபட்டது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் நடந்தது. அந்த எண்ணை நீட்டித்துத்தான் இதுவரை கணக்குப் போட வேண்டியிருந்தது. அதற்குள் புறநகரில் முளைத்த தெருக்களை நானே எண்ண முடியாது.

எங்கள் தெருவில் மட்டும் ஏன் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நிற்கிறது?

ஊர்ப் பெயரில் இருந்து தொடங்குங்கள். பழவந்தாங்கல், ஈக்காட்டுத்தாங்கல் என்பவற்றில் வரும் 'தாங்கல்' சிறு ஏரியைக் குறிக்கும் சொல். இந்த நிலம் முழுக்க ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்த நிலம். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். தென் பகுதியில் இப்படி வரும் தண்ணீர் பள்ளிக்கரணைக் கழுவெளி என்ற சதுப்பு நிலத்தில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடும். தட்டையான நிலம் என்பதால் தண்ணீர் ஓடாது, நகரும். அது நின்று நிதானிக்கத்தான் ஏரியும் கழுவெளியும் இருந்தன.

ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த அந்தக் கழுவெளியில் குப்பைக் கிடங்கு வந்தது, சாலை வந்தது, ரயில் நிலையம் வந்தது, கல்லூரிகளும் கணினி நிறுவனங்களும் வந்தன. 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது 1,247 ஹெக்டேர். 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், எல்லையும் பாதிப்பு வளையமும் ஆய்வில் முடிவாகும்வரை அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது. முப்பது வருடம் முன்பே அப்படி ஒரு கோடு போட்டிருந்தால் வேளச்சேரியில் படகு விட வேண்டி வந்திருக்காது.

ஆக்கிரமிப்பாளர்கள்தான் ஏரியை விழுங்கினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதே பத்தாண்டில் மாம்பலத்தின் நெடிய ஏரியை வடித்து, அரசே திட்டமிட்டு உருவாக்கியதுதான் தியாகராய நகர். ஏரி போன பிறகும் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். ஏரியை மனையாகப் பார்க்கும் பழக்கத்தை நமக்குக் கற்றுக்கொடுத்ததே அதிகாரபூர்வமான வரைபடங்கள்தான்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். எங்கள் வெளிச்சுவரில் வெள்ளம் விட்ட இரண்டு கோடுகள் உண்டு. 2015 டிசம்பர் கோடு என் இடுப்புக்கு வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று விழுந்த கோடு அதற்கு நான்கு விரல் கீழே. இரண்டாவது கோட்டுக்குப் பிறகுதான் எங்கள் தெருவின் பழைய புலப்படத்தை, அதாவது சர்வே எண்வாரியாக நிலத்தை அளந்து வரைந்த படத்தை, எடுத்துப் பார்த்தேன். மங்கிய நகல். அதில் இரட்டைக் கோடாக ஒரு வாய்க்கால், என் காம்பவுண்டை ஒட்டியே கிழக்கே போகிறது. படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டின் மேலேயே நடந்தேன். முதல் நாற்பது அடி முள் மண்டிய சாக்கடை. அப்புறம் ஒரு டிரான்ஸ்பார்மர். அதற்கு அடுத்து இஸ்திரி வண்டி. அதற்கும் அப்பால் ஒரு வீட்டின் போர்டிகோ. அந்த வீட்டு அம்மாவிடம் பட்டா இருக்கிறது, கட்டட அனுமதியும் இருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் வாய்க்கால் இல்லை. அன்று வீட்டுக்குத் திரும்பி வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

2015 வெள்ளத்தை ஆராய்ந்து 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அது மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. அந்த வெள்ளத்துக்கு நான்கே வருடம் கழித்து, 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு நாம் குடத்தோடு லாரிக்கு நின்றோம். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் காரணம் ஒன்றே: தண்ணீர் தங்க இடமில்லை.

அப்ரூவ்டு பிளாட் என்று பார்த்துத்தானே வாங்கினோம்?

அப்ரூவல் என்பது அந்த நாள் விதிப்படி லேஅவுட் சரி என்பதற்கான சான்று. அது தரையின் வரலாற்றைச் சொல்லாது. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை: பட்டாவோடு புலப்படம், கிராமத்தின் அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டுவது), வில்லங்கச் சான்று, சி.எம்.டி.ஏ. தளத்தில் அந்தச் சர்வே எண்ணின் நிலப்பயன்பாடு. அ-பதிவேட்டில் உங்கள் மனைக்கு மட்டுமில்லாமல் சுற்றியுள்ள எண்களுக்கும் என்ன வகைப்பாடு என்று பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், கழுவெளி என்ற புறம்போக்குச் சொல் ஏதாவது பக்கத்தில் இருந்தால் மழைக்காலத்தில் ஒருமுறை அங்கே போய் நின்று பாருங்கள். பக்கத்துத் தெருவில் பழைய குடியிருப்புக்காரர் யாரிடமாவது கேளுங்கள். தரகர் சொல்லாததை டீக்கடைக்காரர் சொல்வார்.

பூங்கா இடத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடம் தர இயலாதபோது அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். உங்கள் லேஅவுட்டின் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எங்கள் சங்கம் அந்தப் பத்திரத்தின் நகலைக் கையில் வைத்திருந்ததால்தான் வேலி போட வந்தவர்களை ஒரே நாளில் திருப்பி அனுப்ப முடிந்தது.

2024-இல் வந்த சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறதாமே?

ஆமாம். 2,500 சதுர அடிவரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுபவர் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். ஒரு சிறு வீட்டுக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல், நான் வரவேற்கிறேன். மேலே சொன்ன தாள்களைப் பார்க்கும் பொறுப்பு மட்டும் இதனால் உங்கள் தலையில் கூடுதலாக விழுகிறது.

மழைநீர் வடிகால் கட்டிவிட்டால் பிரச்சினை தீராதா?

வடிகால் ஒரு பாதை. போய்ச் சேர ஓர் இடம் இருந்தால்தான் பாதைக்குப் பயன். வடிகாலின் வாய் கால்வாய் மட்டத்துக்குக் கீழே இருந்தால், கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் திரும்பி வரும். கழிவுநீரைத் திருட்டுத்தனமாக அதில் விட்டால் மழை வருவதற்கு முன்பே அது நிரம்பியிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணற்பாங்கான இடங்களில், 'மணல் தானாகவே தண்ணீரைக் குடிக்கிறது, இங்கே எதற்குக் கான்கிரீட் வடிகால்' என்று குடியிருப்போரே எதிர்த்தார்கள். அவர்கள் கேட்டது சரியான கேள்வி. நல்ல தண்ணீர் ஊறும் மண்ணைச் சிமென்ட் பூசி மூடக்கூடாது.

2021 மழைக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. அதன்பின் நகருக்குள் பல இடங்களில் தண்ணீர் வடியும் நேரம் குறைந்ததை நானே பார்த்தேன். ஆனால் வடிகாலுக்குச் செலவிடும் அக்கறையில் பாதியாவது தண்ணீரைத் தேக்குவதற்கு வேண்டும். கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024-இல் அரசு திரும்ப எடுத்து அங்கே குளங்கள் வெட்டியதை நான் அப்படித்தான் பார்க்கிறேன். நகரின் நடுவே, நூறு ஏக்கருக்கு மேல், கட்டடம் எழாமல் தண்ணீருக்கும் மரத்துக்கும் இடம் கிடைப்பது சென்னையில் அபூர்வம்.

விதிமீறல்களை அரசே வரன்முறைப்படுத்துகிறதே, அது சரியா?

மீறலில் இரண்டு ஜாதி உண்டு. சேமிப்பு முழுவதையும் போட்டு, அங்கீகாரம் இல்லாத மனை என்று தெரியாமலே வாங்கிய குடும்பம் ஒன்று. செட்பேக்கை, அதாவது கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடத்தை, விழுங்கி, அனுமதி இல்லாத மாடிகளை ஏற்றிய வணிக வளாகம் இன்னொன்று. முதல் வகைக்கு, 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 2017-இல் வந்தது. அது மனிதாபிமானம்.

இரண்டாம் வகைக்குத்தான் என் மனம் ஒப்பவில்லை. 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டியவற்றுக்கு ஒருமுறை மட்டும் என்று நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அப்புறம் 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்கு 113-இ. ஒருமுறை என்று சொன்ன மன்னிப்பு மறுபடி வரும் என்று தெரிந்துவிட்டால், ஒழுங்காகக் கட்டியவர் ஏமாளியாகிவிடுகிறார். தீ விபத்து நடந்தால் வண்டி உள்ளே போக வழியில்லாத கட்டடத்தில் வேலை செய்யும் பெண் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது.

ஆற்றங்கரையில் வெள்ளத்தில் தவிப்பவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்புவது அவர்களுக்கு நல்லதுதானே?

நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்வி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அனுப்பப்பட்டவர்களைக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்லக் கூடாது.

பெரும்பாக்கம் போலவே நகரின் தெற்கு ஓரத்தில் மறுகுடியமர்வுக்காகக் கட்டிய கண்ணகி நகரில் எனக்குப் பழக்கமான ஓர் அக்கா ஆழ்வார்பேட்டையில் மூன்று வீடுகளில் வேலை செய்தார். முன்பு சத்யா ஸ்டுடியோ பக்கம் குடிசை, வேலைக்கு நடந்தே போவார். இடம் மாற்றிய பிறகு விடிவதற்கு முன் பஸ் பிடிக்க வேண்டும். காலை வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவில் வீட்டுக்கு வந்துபோக முடியாததால் ஒரு வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். மகள் ஒன்பதாவதில் பள்ளி மாறி, பத்தாவதில் நின்றுவிட்டாள். "கூரை நல்லா இருக்கு தம்பி, கூரைக்குக் கீழ இருக்கத்தான் நேரமில்ல" என்றார். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் நான் வேறு மாதிரி யோசிக்க முடிந்ததில்லை.

குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியபோது இருந்த எண்ணமே வேறு. குடிசை இருந்த அதே இடத்தில் மாடிக் குடியிருப்பு கட்டித் தருவதுதான் அப்போதைய வழக்கம். நகரின் நடுவே இன்னும் நிற்கும் பழைய வாரியக் குடியிருப்புகள் அதற்குச் சாட்சி. 2000-க்குப் பிறகு நிலம் மலிவாகக் கிடைத்த தெற்கு ஓரத்தில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான வீடுகளை ஒரே இடத்தில் குவிக்கத் தொடங்கினார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேல். அந்த இடமோ அதே கழுவெளியின் விளிம்பு. ஆற்று வெள்ளத்தில் இருந்து காப்பாற்றப்பட்டவர்களைச் சதுப்பு வெள்ளத்தில் கொண்டுபோய் வைத்தோம். அடையாற்றின் கரையில் பெரிய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன என்பதையும் அவர்கள் கவனிக்கிறார்கள்.

வாரியம் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அதே வருடம் மறுகுடியமர்வுக் கொள்கைக்கு ஒரு வரைவும் வெளியானது. பழுதடைந்த பழைய குடியிருப்புகளை அதே இடத்தில் இடித்துக் கட்டுவது நடக்கிறது, அது சரியான வழி. புதிய முழுமைத் திட்டத்தில் நான் எதிர்பார்ப்பது ஒன்று: ஒவ்வொரு பகுதியிலும், குறிப்பாக மெட்ரோ நிலையங்களுக்கு நடந்துபோகும் தூரத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான நிலத்தை இப்போதே நிறம் போட்டு ஒதுக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்றால் நிலம் இருக்காது.

நடைபாதைக் கடைகளை அகற்றினால்தானே நடக்க முடியும்?

தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014-ஐப் படித்துவிட்டுப் பேசுவோம். கணக்கெடுத்துச் சான்று தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதை அந்தக் குழுவோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

என் அனுபவத்தில் நடைபாதையைப் பெரிதும் அடைப்பது வாகனங்கள்தான். எங்கள் தெருவில் பள்ளிக்குப் போகும் வழியை மூன்று பேர் டேப் வைத்து அளந்தோம். குடியிருப்புப் பகுதியில் தடையில்லாத நடைபாதை 1.8 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரசின் நெறி. எங்களுக்குக் கிடைத்த மிக அகலமான இடம் 1.1 மீட்டர். ஒரு மின்பெட்டிக்கும் நிறுத்தியிருந்த காருக்கும் நடுவே 38 சென்டிமீட்டர். அந்த இடத்தில் பிள்ளைகள் புத்தகப் பையைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கீரைக்காரம்மா உட்காரும் இடம் அந்தப் பாதையிலேயே இல்லை.

2014-இல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. அந்த வழியில் வந்தது பாண்டி பஜார் நடைபாதை வளாகம், 2019 நவம்பரில் திறந்தார்கள். மாலையில் வயதானவர்கள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது. அதே அக்கறை வடசென்னையின் வியாசர்பாடிக்கும் வர வேண்டும்.

தளப்பரப்புக் குறியீட்டை உயர்த்தினால் நகரம் நெரிசலில் திணறாதா?

மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் தளப்பரப்புக் குறியீடு, எஃப்.எஸ்.ஐ. சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்ததை 2019 விதிகள் 2 ஆக்கின. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் 4,800 சதுர அடி. உயர் கட்டடங்களுக்கு 3.25.

அடர்த்தி தன்னளவில் கெட்டதல்ல. எல்லாரும் தனி வீடு கட்டி நகரம் செங்கல்பட்டுவரை பரவினால் இன்னும் பல ஏரிகள் போகும். நல்ல பஸ்ஸும் ரயிலும் இருக்கும் இடத்தில் உயர்ந்து கட்டுவதே நிலத்துக்கு நல்லது. ஆனால் இருபதடித் தெருவில், அதே பழைய கழிவுநீர்க் குழாயை நம்பி, ஐந்து மாடி ஏற்றினால் அடுத்த வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் எதிர்த்து வரும். குறியீட்டை உயர்த்தும்போது குழாயின் அளவையும் உயர்த்தினார்களா என்று கேளுங்கள்.

மெட்ரோ வருகிறதே, போக்குவரத்துச் சிக்கல் தீர்ந்துவிடும் அல்லவா?

இரண்டாம் கட்ட மெட்ரோ 118.9 கிலோமீட்டர். பெரிய உதவிதான். ஆனால் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு எப்படிப் போவது? கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் தயாராக இல்லை. பொங்கலுக்கு மூட்டை முடிச்சோடு ஊருக்குப் போன குடும்பங்கள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கப் பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று 2010-இலேயே சட்டம் போட்டார்கள், முதல் கூட்டம் நடந்தது 2022-இல். அந்தப் பன்னிரண்டு வருடத்தின் விலை இது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் 2023-இல் வந்தது. அதுபோன்ற இணைப்புகள் ஒவ்வொரு நிலையத்திலும் தேவை.

நில ஒருங்கிணைப்பு என்கிறார்களே, நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களா?

கையகப்படுத்துவது வேறு, இது வேறு. கோணல்மாணலாக இருக்கும் பலருடைய நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பூங்காவுக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனையாக்கி அவரவருக்கே திருப்பித் தருவது. அகமதாபாத் பெருமளவு இப்படித்தான் விரிந்தது, குஜராத்தின் 1976 சட்டம் அதற்கு வழி செய்தது. விரிவாக்கப்பட்ட சென்னை எல்லையில் இது நன்றாகவே பயன்படும். கையெழுத்திடும் முன், எத்தனை சதவீதம் போகிறது, எந்த இடத்தில் திருப்பித் தருகிறார்கள், எத்தனை நாளில் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். குத்தகைக்குப் பயிரிடுபவருக்கும் கூலிக்காரருக்கும் இதில் பங்கு வராது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கோவை, மதுரை மாதிரி ஊர்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். அங்கே திட்டம் போட்டு வந்தது நகர் ஊரமைப்பு இயக்ககம், டி.டி.சி.பி. கோவை 1994-இன் திட்டத்தையே வைத்து ஓடிக்கொண்டிருந்தது, புதிய வரைவு வந்தது 2024-இல்.

பகுதி சபைக் கூட்டத்துக்குப் போனால் ஏதாவது நடக்குமா?

2022-இல் இதற்கான விதிகள் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகர்ப்புறத்தில் முதன்முறையாகச் சபைகள் கூடின. கிராமசபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று.

எங்கள் முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் இருபதுக்கும் குறைவு. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம், குறிப்பேட்டில் ஏறியது தெருவிளக்கு ஒன்றுதான். மூன்றாவது கூட்டத்துக்கு அந்தப் புலப்படத்தைப் பெரிதாக்கி, வாய்க்கால் கோட்டை நீல மையில் வரைந்து, சுவரில் ஒட்டினோம். இஸ்திரிக்காரர் எழுந்து, தன் அப்பா காலத்தில் அந்த வாய்க்காலில் துணி அலசியதைச் சொன்னார். கவுன்சிலர் படத்தின் அருகே வந்து நின்று பார்த்தார். அதற்குப் பிறகு டிரான்ஸ்பார்மர்வரையிலான நாற்பது அடியைத் தூர்வாரினார்கள். மிச்சத்துக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். போர்டிகோ வீட்டு அம்மாவும் இப்போது எங்களோடு வருகிறார், தன் வீட்டுக்கு அடியில் பெரிய குழாய் போட அவர் சம்மதம்.

முழுமைத் திட்ட வரைவு வெளியானதும் ஆட்சேபனையில் என்ன எழுத வேண்டும்?

வரைவை வெளியிட்டபின் கருத்துச் சொல்லச் சட்டப்படி குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். இரண்டு மாதம் என்பது நீளமாகத் தோன்றும், ஆனால் ஆயிரம் பக்கத்தில் உங்கள் சர்வே எண்ணைக் கண்டுபிடிப்பதற்கே இரண்டு வாரம் போய்விடும். அதனால் இப்போதே உங்கள் தெரு, பக்கத்து நீர்நிலை, பூங்கா, பள்ளி ஆகியவற்றின் சர்வே எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மழை நின்ற இடங்களைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.

கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். 'எங்கள் பகுதியைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதினால் பதில் வராது. 'இந்தச் சர்வே எண் அ-பதிவேட்டில் வாய்க்கால், வரைவில் குடியிருப்பு என்று நிறமிடப்பட்டுள்ளது, திறந்தவெளியாகத் திருத்த வேண்டும்' என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை. புலப்பட நகலை இணையுங்கள். ஐம்பது பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்திடுவதைவிட ஐம்பது பேரும் தனித்தனிக் கடிதம் கொடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் கடைக்காரர்களும் கொடுக்கலாம், பட்டா தேவையில்லை. நேரில் போய்க் கொடுத்து, உங்கள் நகலில் பெறப்பட்ட முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.